தூணுக்குப் பின்னால ஒரு ஃபேன்

கால கொஞ்சம் அந்தப் பக்கம் ஒதுக்கிக்கிடுங்க தம்பி. ரெக்கை குத்தும். போர்வையச் சுத்திக் கயிறு போட்டுத்தான் வச்சிருக்கேன், ஆனா முனை வெளிய நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு. கண்டக்டரு பாத்த பார்வையப் பாத்தீங்கள்லா? ‘பெருசு, அதத் தூக்கி மேல கம்பில வையும்’ங்கான். பொம்பளையத் தூக்கி லக்கேஜ் கம்பில வைப்பானா ஒருத்தன்?

ஆமா, ஃபேன்தான். சீலிங் ஃபேன். ஆனா வீட்டு ஃபேன் இல்ல, கோயில் ஃபேன். என் பொஞ்சாதி.

முழிக்காதீங்க, நான் கோட்டிக்காரன் இல்ல. இந்தா, இந்த ஓரத்துல போர்வைய வெலக்கிப் பாருங்க. ஒரு ரெக்கைல ‘எஸ்தர் பொன்மணி’ன்னு இருக்கா? அடுத்த ரெக்கைல ‘நினைவாக’. மூணாவதுல ‘கணவர் தங்கப்பழம்’. தங்கப்பழம் நாந்தான். ஆறுதல்புரம் கோயில் வாசல்ல டீக்கடை வச்சிருக்கேன். ரெக்கையத் தனித்தனியாக் கழத்தி அடுக்கிக் கொண்டு வாங்கன்னு எம் மவ போன்ல சொன்னா. கழத்துனா அவ ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்லா ஆயிருவோம். அதான் முழுசா மடியில வச்சுக்கிட்டு வாரேன். புதுவிளையில எறங்கணும், மவளக் கட்டிக்குடுத்த ஊரு. அந்த ஊருக் கோயில்ல கொண்டு மாட்டப் போறேன்.

எங்க ஊருக் கோயில்ல தொங்குனத ஏன் இன்னொரு ஊருக்குத் தூக்கிட்டுப் போறேன்னு கேளுங்க. நீங்க கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறேன்.

கோயிலுன்னா நாங்க சர்ச்சத்தான் சொல்லுதோம். நீங்க வேதக்காரரா தம்பி, கிறிஸ்தவரா? இல்லையா. அப்ப மொதல்ல இருந்து வரணும்.

எங்க பக்கம் ஒரு ஆளு செத்தா அடக்கம் பண்ணிட்டு அதோட விடமாட்டான். செத்தவரு நினைவா கோயிலுக்கு எதாவது ஒண்ணு வாங்கி வச்சு அதுல பேர எழுதணும். பெஞ்சுல பேரு. சுவத்துல பேரு. காணிக்கைப் பையில கூட நூலு போட்டுப் பேரத் தச்சிருக்கான். டியூப் லைட்டு இருக்குல்லா, அதுக்கு மேலயே கறுப்புப் பெயிண்டுல எழுதிருவான். ‘காலஞ்சென்ற திருவாளர்’ல ஆரம்பிச்சு, தகப்பன் பேரு, வேல பாத்த ஆபீஸு, பேரப்பிள்ளைய பேரு வரைக்கும் எழுதி லைட்டு முழுக்கக் கறுப்பு. சுவிட்ச போட்டா வெளிச்சம் எழுத்துக்கு நடுவுல பிதுங்கிப் பிதுங்கி வரணும். அதுக்குக் கீழ இருக்கவன் செல்போன் டார்ச்சு அடிச்சு பைபிள் வாசிக்கான்.

ஆனா எல்லாத்தயும் விடக் கிராக்கி ஃபேனுக்குத்தான். தலைக்கு மேல இருக்கும்லா, அதான். எங்க கோயிலு வெள்ளக்காரன் கட்டுனது, அண்ணாந்தா கழுத்து சுளுக்கிரும், அவ்வளவு உசரம். அந்த உத்தரத்துல இருந்து கம்பிய நீட்டி நீட்டி, பாக்க எடமெல்லாம் ஃபேன். ரெண்டு ஃபேனுக்கு நடுவுல ஒரு காக்கா பறந்து போவ முடியாது. எல்லாத்தயும் ஒண்ணாப் போட்டா அது ஆராதனை இல்ல தம்பி, பொயலு. பாட்டுப் புஸ்தகத்து மேல வீட்டுச் சாவிய வச்சுக்கிட்டுத்தான் பாடணும். பொம்பளையளுக்கு முக்காடு நிக்காது. வெளிய பாத்தா ஊரச் சுத்திக் காத்தாலை சுத்துது. உள்ள நாங்க சன்னல அடச்சுப் போட்டுட்டு கரெண்டுல காத்து வாங்கிக்கிட்டு இருக்கோம்.

சன்னல ஏன் அடைக்கணும்னு கேக்கீங்க. தவசிமுத்து அண்ணாச்சின்னு ஒருத்தரு, பம்பாயில மளிகைக்கடை. அவரு அம்மா நினைவா கோயிலு நடுவுல வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் ஒரு கம்பளம் விரிச்சாரு. செவப்புக் கம்பளம். எங்க ஊரு தேரிக்காடு, மண்ணே செவப்பு. ஆடிக் காத்துல மண்ணு உள்ள வந்து விழும். செவப்புல செவப்பு விழுந்தா எவனுக்குத் தெரியும்? அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருச்சு. ‘எங்கம்மா மேல மண்ண அள்ளியா போடுதீங்க’ன்னு ஒரே சத்தம். மறுவாரம் மேக்க பாத்த சன்னல் அத்தனைக்கும் பலகை வச்சு ஆணி அடிச்சாச்சு. அன்னையில இருந்து உள்ள புழுக்கம். புழுங்குதுன்னு இன்னும் ஃபேன். சாவுக்கும் கொறச்சல் இல்ல, ஃபேனுக்கும் கொறச்சல் இல்ல.

இப்படி இருக்கையிலதான் புது ஐயரு வந்தாரு. எங்க பக்கம் பாதிரியார ஐயருன்னுதான் சொல்லுவோம், நீங்க பூணூலத் தேடாதீங்க. கிங்ஸ்டன் ஐயரு. சின்ன வயசு, பெங்களூருல படிச்சவரு. அவரு பேசுதத நான் பேசிக் காட்டட்டா? கிறிஸ்மஸ் நாடகத்துல பச்சப்பிள்ளையள எல்லாம் வெட்டச் சொல்லுவாம்லா ஏரோது ராஜா, வருசா வருசம் அது நாந்தான், குரல மாத்துதது நமக்குப் பழக்கம். கேளுங்க. ‘அன்பானவர்களே... பூமி... பெருமூச்சு... விடுகிறது.’ ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவுல ஒரு டீ ஆத்திரலாம். பூமி பெருமூச்சு விட்டா நமக்குக் காத்தாவது வருமேன்னு நான் பின்னால இருந்து சொன்னேன். எல்லாரும் சிரிச்சான். ஐயரும் சேந்து சிரிச்சாரு. அதுதான் எனக்குப் பிடிக்கல. திட்டியிருந்தா ஒரு மரியாத இருந்திருக்கும்.

‘நம்ம சபை ஒரு பசுமைச் சபையாக மாற வேண்டும்’னாரு. தேரிக்காட்டுல பசுமை. எங்க ஊருல பச்சையா இருக்கது ரெண்டே ரெண்டுதான், ஒடமரமும் கோயில் கேட்டும்.

மொத வேலையாக் குப்பை பொறுக்க எறங்குனாங்க. ஐயரு கையில உறை மாட்டிக்கிட்டு, ஐயரம்மா தொப்பி வச்சுக்கிட்டு, பின்னால வாலிபர் சங்கம் சாக்கோட. கோயில் வேலி பூரா பிளாஸ்டிக் டீக் கப்பு. அள்ளிக் கட்டி எங் கடை முன்னால கொண்டு அடுக்கிட்டாங்க. ‘தங்கப்பழம் அண்ணாச்சி, இதெல்லாம் உங்க கப்பு’ங்காரு. என் கப்புதான். இல்லங்கல. நான் ஊத்திக் குடுத்தேன், குடிச்சவன் போட்டான், காத்து கொண்டு போச்சு. ஊடால நான் எங்க வாரேன்? சொல்லுங்க. இப்பக் கண்ணாடி கிளாஸு. கழுவிக் கழுவி வெரலப் பாருங்க, முங்கிச் செத்தவன் வெரலு மாதிரி.

அடுத்து மரம். குடும்பத்துக்கு ஒரு கன்னு நடணும்னாரு. ஒருத்தன் அசையல. கோயில் செயலாளரு வேதமணி வாத்தியாரு பைய எந்திரிச்சாரு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. தொண்டையச் செருமுனாருன்னா அரைப் பீரியடு போயிரும். ‘ஐயரவர்களே, அந்த மரக்கன்றின் அருகில்... பெயர்ப்பலகை வைக்க... அனுமதி உண்டா?’ உண்டுன்னு ஐயரு ஒரு வார்த்த சொன்னாரு பாருங்க, மறுநாளு ஊரே மம்பட்டியோட நிக்கி. கன்னு முழங்கா உசரம், பலகை இடுப்பு உசரம். கிரானைட்டுல அடிச்சவன் உண்டு. படம் போட்டவன் உண்டு. ஒரு மாசத்துல கன்ன ஆடு தின்னுட்டு. பலகை நிக்கி. இப்ப எங்க ஊருக்கு வாரவன், என்னவே உங்க கோயிலுக்கு ரெண்டு கல்லறைத் தோட்டமா இருக்குன்னு கேக்கான்.

அதோட விட்டாரா ஐயரு? விடல. ஃபேனுக்கு வந்தாரு.

சித்திரை வெக்கையில கூட்டம் போட்டு, ‘பாதி ஃபேன எறக்கிருவோம், சன்னலத் திறப்போம், தேவன் குடுத்த காத்து இலவசமா வருது’ன்னாரு. கூட்டம் பூராத் தலைய ஆட்டுச்சு. கொறைக்கணும்ங்கதுல ஒருத்தனுக்கும் மாத்துக் கருத்து இல்ல. யாரு அப்பாவக் கழத்தங்கதுதான் கேள்வி.

வேதமணி வாத்தியாரு எந்திரிச்சாரு. ‘என் தகப்பனார்... இந்தச் சபைக்கு... முதன்முதலில் மின்விசிறி அளித்தவர்...’ மீதிய அழுகையில முடிச்சாரு. தவசிமுத்து அண்ணாச்சி பம்பாயில இருந்து போன்ல. போன ஸ்பீக்கர்ல போட்டு பீடத்துல வச்சிருக்கு. அவரு தமிழ்ல பாதி இந்தி. ‘அரே ஐயரே, ஃபேன தொடாதீங்கோ. கரெண்டு ஜாஸ்தின்னா நான் சோலார் போட்டுத் தாரேன். கூரை பூரா. அம்மா பேரு மட்டும் பெருசா வரணும், ஏரோப்ளேன்ல போறவனுக்குத் தெரியணும்.’ ஏரோப்ளேன்ல போறவன் அண்ணாச்சி அம்மா பேர வாசிச்சு என்ன செய்யப் போறான், எறங்கி ஒரு ஜெபமா?

எல்லாரும் இப்படித்தான் தம்பி. பேரு. பேரு. பேரு. செத்தவன் மேல பாசம் எவனுக்கு இருக்கு, எம் பேரு தொங்கணும், அவ்வளவுதான். நான் எந்திரிச்சு நின்னு நறுக்குன்னு சொன்னேன். ‘எல்லாத்தயும் கழத்துங்க ஐயரே. ஒண்ணு விடாமக் கழத்துங்க. பொன்மணிய மட்டும் விட்டுருங்க’ன்னேன்.

நியாயத்தத்தான சொன்னேன்? அவ போயி ரெண்டு வருசம் ஆகல. வாத்தியாரு அப்பா செத்து முப்பது வருசமாச்சு, அவருக்கு இன்னுமா புழுங்குது? இதக் கேட்டா வாத்தியாரு என்னைப் பாத்து, ‘நீரு ஏரோது ராஜாவேதான்வே, நடிக்கவே வேண்டாம்’ங்காரு. கூட்டம் சிரிக்கி.

கடைசியில ஐயரு ஒரு வழி சொன்னாரு. ‘ஒரு ஃபேனையும் எறக்க வேண்டாம். எல்லாரு பேரும் அங்கனயே இருக்கட்டும். வயர மட்டும் உருவிருவோம்.’ இதுக்கு எல்லாரும் சரின்னுட்டான். பாத்துக்கிடுங்க. ஃபேனு சுத்த வேண்டாம், காத்து வர வேண்டாம், பேரு இருந்தாப் போதும். இதத்தான் ரெண்டு மணி நேரமாப் பேசுனான். நானும் சரின்னேன், கூட்டத்தோட கூட்டமா.

ஆடி மொத ஞாயித்துக்கிழமை. சன்னல் ஆணியெல்லாம் பிடுங்கியாச்சு, கம்பளத்தச் சுருட்டி மூலைல சாத்தியாச்சு. நாங்கல்லாம் கையில விசிறியோட போயி உக்காந்திருக்கோம், இன்னைக்கி ஐயரு கதை முடிஞ்சுன்னு. மொதப் பாட்டு எடுக்கையில மேக்கருந்து காத்து வந்துச்சு பாருங்க. சும்மா மெத்துன்னு, பனங்காட்டு வாசத்தோட. வந்து மொகத்துல தடவுச்சு. நான் மேல பாக்கேன். ஃபேனு சுத்துது.

கரெண்டு இல்ல, வயரு இல்ல. காத்துக்குச் சுத்துது. பைய, பைய. தொட்டிலு ஆடுத மாதிரி.

அதுல ஒரு வேடிக்கை. முன்ன அது வெரசலா சுத்துன காலத்துல எந்தப் பேரையும் எவனும் வாசிச்சது கெடையாது, எல்லாம் வெள்ளை வட்டம்தான். இப்பப் பைய சுத்துதுல்லா, ஒவ்வொரு எழுத்தாத் தெரியுது. சனம் பூரா அண்ணாந்து வாசிக்கி. ‘ஏட்டி, உங்க தாத்தா வாராரு பாரு.’ ‘எங்கம்மா, எங்கம்மா, அந்தா திரும்புதா.’ வேதமணி வாத்தியாரு அவரு அப்பா பேரு சுத்திச் சுத்தி வாரதப் பாத்துக்கிட்டு சின்னப் பிள்ள மாதிரி உக்காந்திருக்காரு, கண்ணுல தண்ணி ஒழுகுது, தொடைக்கக் கூட இல்ல. ஐயரு பிரசங்கத்த விட்டுட்டு அவரும் மேல பாத்துக்கிட்டு நிக்காரு. சவம், கூத்து. செத்தவனெல்லாம் வந்துட்ட மாதிரி ஒரு ஆட்டம்.

பொன்மணி சுத்தல.

அவ ஃபேனு தூணுக்குப் பின்னால. மூணாவது தூணு. காத்து அந்தத் தூணுல முட்டி ரெண்டாப் பிரிஞ்சு போயிருது. முன்னால இருக்கது சுத்துது, பக்கத்துல இருக்கது சுத்துது, இவ மட்டும் அசையாம இருக்கா. நான் பாட்டு முடியுத வரைக்கும் பாத்தேன். பிரசங்கம் முடியுத வரைக்கும் பாத்தேன். ஆசீர்வாதம் சொல்லி எல்லாரும் எந்திரிச்சுப் போயாச்சு, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.

தூணுக்குப் பின்னால ஏன் மாட்டுனேன்னா அது அவ எடம். கல்யாணம் ஆகி வந்த நாளுல இருந்து அங்கனதான் உக்காருவா. அவளுக்கு வீசிங்கு. ஃபேனுக்கு அடியில இருந்தாப் போதும், நெஞ்சு கீச்சு கீச்சுன்னு கத்த ஆரம்பிச்சிரும். வீட்டுலயும் ஃபேன் போட விடமாட்டா, நான் முத்தத்துல கெடந்து கொசுக்கடி வாங்குவேன். பஸ்ஸுல வந்தாலும் சேலைத் தலைப்ப மூக்குல பொத்திக்கிட்டுத்தான் வருவா. அந்தத் தூணு ஓரம்தான் காத்து படாத எடம்னு தேடிப் போயி உக்காந்தவ. அவ எடத்துக்கு நேர மேல நல்ல கம்பெனி ஃபேனாப் பாத்து வாங்கி மாட்டுனேன்.

என்ன சிரிக்கீங்க? ஆகாதுதான். அதுக்காக? ஊருல அவனவன் பொஞ்சாதிக்கு ஃபேன் மாட்டையில, நான் எம் பொஞ்சாதிக்கு ஒரு ஸ்டூலு வாங்கி வைக்கவா?

அடுத்த வாரம் கோயில்குட்டிய, அதான் எங்க கோயில்ல மணியடிச்சுக் கூட்டிப் பெருக்குத ஆளு, அவனப் பிடிச்சு எண்ணெ விடச் சொன்னேன். விட்டான். அசையல. அவ பக்கத்துச் சன்னல் கதவ நானே கழத்தி வெளிய வச்சேன். அசையல. அதுக்கடுத்த வாரம் வாத்தியாரு வீட்டுக்கே போனேன். அவரு அப்பா ஃபேனு கோயிலுக்கு நடுவுல, சன்னலுக்கு நேரா, ராஜா மாதிரி சுத்துது.

‘வாத்தியாரே, ஒரு ஆறு மாசம் எடத்த மாத்திக்கிடுவோம். உங்க அப்பா தூணுக்குப் பின்னால, பொன்மணி உங்க எடத்துல.’

‘எங்க அப்பா எதுக்குவே தூணுக்குப் பின்னால போணும்?’

‘நெறைய சுத்திட்டாருல்லா. தல கிறங்கும்.’

கதவச் சாத்திட்டாரு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. மனுசனுக்கு மனுசன் ஒரு இது வேண்டாமா? ஒரு பேரக் கட்டிக்கிட்டு இப்படியா அழுவான் ஒருத்தன்?

அப்புறம் ஐயருகிட்டயே போனேன். ‘எல்லா வயரையும் உருவிட்டீங்க, நல்ல காரியம். பொன்மணிக்கு மட்டும் ஒரே ஒரு வயரு விடுங்க. கரெண்டு நான் எங் கடையில இருந்து இழுத்துத் தாரேன்’னேன். ஐயரு ‘அண்ணாச்சி, அக்காவுக்குக் கொடுத்தா நாளைக்கி எல்லாரும் வந்து நிப்பாங்களே’ன்னாரு. நிக்கட்டும். நின்னா என்ன? என்னைய மட்டும் பாத்தா இளக்காரமாத் தெரியுது. இவரு பசுமைக்குப் பக்கத்து ஊருக் கோயில்ல இருந்தெல்லாம் வேன்ல வந்து பாத்துட்டுப் போறான். வாரவன்கிட்ட அண்ணாந்து காட்டுதாரு. வந்தவன் ஒருத்தன், நல்ல கவனிக்கவன், ‘அந்தத் தூணு கிட்ட ஒண்ணு ரிப்பேரா’ன்னு கேட்டான் தம்பி. நான் வாசல்ல கிளாஸு கழுவிக்கிட்டு நிக்கேன். ரிப்பேரான்னு கேட்டான்.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

நேத்து ஏணியப் போட்டு ஏறுனேன். ஐயரு வந்தாரு. தடுப்பாரு, கெஞ்சுவாரு, நாமளும் நல்லா நாலு வார்த்த கேக்கலாம்னு மேல நிக்கேன். அவரு வந்து ஏணியப் பிடிச்சுக்கிட்டாரு. ‘பாத்து எறங்குங்க அண்ணாச்சி, நான் பிடிச்சிருக்கேன்’ங்காரு. அவ்வளவுதான். உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்திருக்கும். இத்தன அமளி துமளியில கோயில்ல இருந்து நெசமாவே எறங்குன ஃபேனு இது ஒண்ணுதான. பசுமைக் கணக்குல எழுதிக்கிடட்டும்.

இந்தப் புதுவிளைக் கோயிலு புதுசாக் கட்டுனது. பசுமை கிசுமை எல்லாம் கெடையாது. கண்ணாடி போட்டு அடச்சு, சன்னலே இல்லாத கோயிலு. எப்பவும் கரெண்டு. அதுல நடு மையத்துல எடம் கேட்டிருக்கேன். ரெகுலேட்டர அஞ்சுல வச்சா அஞ்சுல சுத்தும்.

எம் மவதான் முணுமுணுக்கா. ‘அம்மாவ இந்த ஊருல யாருக்குப்பா தெரியும்’ங்கா. அஞ்சுல வச்சா பேரு தெரியாதேப்பாங்கா. காத்தே ஆகாதே அம்மாவுக்கு, தூணு கிட்ட நிம்மதியாத்தான இருந்தாங்கன்னு ஒரு அழுகை. போன வச்சுட்டேன். படிச்ச பிள்ளைய எல்லாம் இப்படித்தான், ஐயரு கட்சி.

அந்தா பாருங்க, காத்தாலை. எவ்வளவு நிக்கி. எல்லாம் சுத்துது. ஒண்ணு நிக்குதா பாருங்க. இல்ல. எல்லாம் சுத்துது.

நீங்க எங்க எறங்கணும்? திசையன்விளையா. நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன். செத்தப் பிடிங்க இந்த ஃபேன் கம்பிய, கயிறு அவுந்துட்டு. டிரைவரு இப்பத்தான் வண்டிய வெரட்டுதான், பாத்தீங்களா, போர்வை பறக்கு. விடுங்க, விடுங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்.

தம்பி. இங்க பாருங்க. ரெக்கை.

திரும்புதா? உங்க கை பட்டுச்சா? நீங்க தொடலல்லா? நானும் தொடல.

பைய திரும்புதா.

...

அந்த ஷட்டர எறக்கி விடுங்க தம்பி. முழுசா எறக்குங்க. காத்து நேர மொகத்துல அடிக்கி. இவளுக்கு ஆகாது.